தராசு சரி, துண்டு?

சந்தைத் தராசுக்கு வருசா வருசம் முத்திரை குத்த வேணும். அதைச் சோதிக்கிற படிக்கல்லையும் அதைவிடத் துல்லியமான படிக்கல்லோடு ஒப்பிட வேணும். அந்தச் சங்கிலியின் நுனியில், பாரிசுக்கு அருகே, ஒரு பிளாட்டினம்–இரிடியம் உருளை இருந்தது. அதையும் முழுசா நம்பேலாது எண்டு 2019 மே 20 முதல் கிலோகிராமை பிளாங்க் மாறிலியால் வரையறுக்கினம்.

இவ்வளவு கவனமாக நிறுத்த 100 கிலோ கத்தரிக்காய்க்கு யாழ்ப்பாணச் சந்தைகளில் விவசாயிக்கு 90 கிலோவின் காசுதான் எழுதுகினம். மிச்சம் 'கழிவு'. அழுகல், சேதம் எண்டால் அதைப் பிரிச்சு நிறுக்கலாமே? படிக்கல்லில் சில கிராம் குறைஞ்சா குற்றம். துண்டில் பத்துக் கிலோ குறைஞ்சா வழமையோ? தராசு காட்டின நிறைக்கே காசு வேணும் எண்டு நாங்கள் கேட்கிறம்.