ஷெல்லிங்கின் கட்டங்களில் சுவர் இல்லை

சிக்கலான அமைப்புகளைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்ப்பது என் முனைவர் பட்ட ஆய்வுத் துறை. இதற்குள் வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே சொல்லித்தரப்படுவது, பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட மாதிரி. சதுரங்கப் பலகை போல ஒரு பரப்பு. அதில் இரண்டு நிறப் புள்ளிகள், இடையிடையே காலிக் கட்டங்கள். அக்கம்பக்கத்தில் தன் நிறத்தார் போதிய அளவு இல்லையென்றால் புள்ளி வேறு காலிக் கட்டத்துக்குப் போய்விடும். நெட்லோகோ மென்பொருளில் இதை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் கேட்பது 30 விழுக்காடுதான். ஆனால் முடிவில், அண்டை வீட்டாரில் சராசரியாக 70 விழுக்காட்டினர் ஒரே நிறத்தவராகிவிடுகிறார்கள். பலகை திட்டுத்திட்டாகப் பிரிந்து கிடக்கிறது.

நல்ல பாடம்தான். சிறு விருப்பங்கள் சேர்ந்து யாரும் திட்டமிடாத பெரிய விளைவைத் தரலாம் என்பதை இதைவிட எளிமையாகக் காட்டுவது கடினம். என் சண்டை இந்த மாதிரியோடு அல்ல, அதிலிருந்து இங்கே இழுக்கப்படும் முடிவோடு. "ஊர் தனி, சேரி தனி என்பதும் இப்படித் தானாக உருவானதுதான். இதில் யாரைக் குற்றம் சொல்வது?" வகுப்பிலும் கருத்தரங்கிலும் கேட்டுச் சலித்துவிட்டேன். இது கணிதம் பூசிய பழைய பொய்.

மாதிரியின் விதியைக் கவனியுங்கள். காலிக் கட்டம் எதுவானாலும் எந்தப் புள்ளியும் அங்கே குடியேறலாம். இப்படி ஓர் ஊரை யாராவது காட்டுங்கள் பார்ப்போம். உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய தீண்டாமைச் சுவரில் ஒரு பகுதியை இடிக்கவே 2008 வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று சுவர் இடிந்து விழுந்து 17 தலித்துகள் செத்தார்கள். இதெல்லாம் எந்தப் புள்ளியின் மெல்லிய விருப்பம்? செங்கல் தானாகவா அடுக்கிக்கொண்டது?

ஷெல்லிங்கே இவ்வளவு தூரம் போகவில்லை. அமைப்புகள் திணிக்கும் பிரிவினை வேறு, பொருளாதாரத்தால் வரும் பிரிவினை வேறு, தனிமனிதத் தேர்வால் வருவதை மட்டுமே பார்க்கிறேன் என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே எல்லை கட்டினார். அவர் நாட்டிலும் 1930களில் அரசு நிறுவனமே கறுப்பர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கி, வீட்டுக்கடனுக்கு ஆபத்தானவை என்று முத்திரை குத்தியது. அதையும் புள்ளிகள் செய்யவில்லை.

சாதிக்கு மாதிரி வேண்டுமா? 1916இல், 25 வயதில், அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை எடுங்கள். ஒரு குழு அகமணத்தால் தன்னை அடைத்துக்கொள்கிறது. துணையை இழந்த ஆணாலும் பெண்ணாலும் உள்ளே எண்ணிக்கைச் சமநிலை குலைகிறது. அதைச் சரிக்கட்ட உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், குழந்தை மணம். பிறகு மேலே இருப்பவரைப் பார்த்து மற்றவர்கள் நகலெடுக்கிறார்கள். தாமே அடைத்துக்கொண்டவர் யார், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். விதி, இயங்குமுறை, விளைவு மூன்றும் அதில் உண்டு, ஷெல்லிங்குக்கு 55 ஆண்டுகள் முன்பே. நான் படித்த சிமுலேஷன் பாடத்திட்டம் எதிலும் அந்தக் கட்டுரை இல்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஷெல்லிங்கின் பலகையில் விருப்ப அளவைப் பூஜ்யமாக்குங்கள். யாருக்கும் யார் மீதும் வெறுப்பில்லை, தோன்றிய காலிக் கட்டத்துக்கு நகரலாம் என்று வையுங்கள். ஆனால் ஒரு நிறத்தாருக்கு மட்டும் பாதிப் பலகையை மூடிவிடுங்கள். எத்தனை ஆயிரம் சுற்று ஓடினாலும் அந்தப் பாதியில் அந்த நிறம் ஒரு புள்ளிகூட விழாது. மனம் மாறினால் சாதி போய்விடும் என்று உபதேசிப்பவர்கள் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும்.

இளம் தோழர்களே, இது நமக்கு அந்நியமான துறை என்று ஒதுங்காதீர்கள். எந்த விதியை எழுதுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்பவர்தான் யார் குற்றவாளி என்பதையும் முடிவு செய்கிறார். அந்த இடத்தில் நாம் உட்கார வேண்டும். வகுப்பில் அடுத்த முறை இந்தப் பலகை திரையில் ஓடும்போது கையை உயர்த்திக் கேளுங்கள்: "இதில் எந்தப் புள்ளிக்கு நகர அனுமதி இல்லை? அதைக் கோடில் எந்த வரியில் எழுதியிருக்கிறீர்கள்?"