பொம்மை உடைந்தால் பிள்ளையை அடிக்காதீர்கள்!

ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலை முழுவதும் காவடிக் கூட்டம். அரோகரா சத்தம் காதைத் துளைக்கிறது.

முருகனைத் தரிசித்துவிட்டு ஒரு குடும்பம் படி இறங்கி வருகிறது. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். கூடவே ஏழு வயதுப் பையன். அடிவாரத்துக் கடையில் அவன் ஒரு லாரியைப் பார்த்துவிட்டான். வெறும் லாரி அல்ல. மடக்கி, திருப்பி, நீட்டினால் மனிதனாக எழுந்து நிற்கும் லாரி!

"அப்பா! லாரி மனுஷனா மாறுதுப்பா! வாங்கித் தாப்பா!"

விலை நூற்றைம்பது ரூபாய். தகப்பனார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பையன் முகத்தைப் பார்த்தார். வாங்கிக் கொடுத்தார்.

பஸ்சில் ஏறிய பையன் லாரியை மனிதனாக்கினான். மனிதனை லாரியாக்கினான். நான்காவது முறை 'டக்' என்று ஒரு சத்தம். பொம்மையின் கை தனியாக வந்துவிட்டது.

"வாங்கி ஒரு மணி நேரம் ஆகலை. அதுக்குள்ள ஒடச்சுட்டியாடா?" முதுகில் ஓர் அடி விழுந்தது.

"பச்சப் புள்ளய ஏங்க அடிக்கிறீங்க? அது என்னங்க பண்ணும்?" என்றாள் தாய்.

முன் இருக்கையில் நானும் இருந்தேன். தாய் சொன்னதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. மாற்றுவதற்கென்றே செய்த பொம்மையை மாற்றினான். அது அவன் குற்றமா? நான்கு முறை கூடத் தாங்காத பொம்மையைச் செய்தவர் குற்றமா?

ஜப்பானில் பிறந்த பொம்மை

இந்த உருமாறும் இயந்திர மனிதன் எங்கிருந்து வந்தான்? அவன் சொந்த ஊர் ஜப்பான்.

டோக்கியோவில் டக்காரா என்று ஒரு பொம்மைக் கம்பெனி இருந்தது. 1974-ல் மைக்ரோமேன் என்ற சிறு மனிதப் பொம்மைகளை அது வெளியிட்டது. 1980-ல் டயக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கியது. கார் மனிதனாக மாறியது. லாரி மனிதனாக மாறியது. மைக்ரோமேன் வரிசையிலும் டேப் ரிக்கார்டர் கூட எழுந்து நின்றது!

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இவற்றைப் பார்த்தது. உரிமை பெற்றது. 1984-ல் இவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் சூட்டிக் கடைக்கு அனுப்பியது. அதே ஆண்டு டெலிவிஷனில் கார்ட்டூன் படமும் வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தார்கள். டக்காரா 2006-ல் டோமி என்ற கம்பெனியோடு இணைந்துவிட்டது. ஆனால் பொம்மைகள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

நம் நாட்டுக்கும் அவை வந்தன. 1987-ல் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் கம்பெனியைத் தொடங்கின. ஹாஸ்ப்ரோவின் பொம்மைகள் பல இந்தியாவிலேயே வார்க்கப்பட்டன. நிறத்திலும் அட்டையிலும் இந்தியப் பொம்மைகள் சற்று மாறுபட்டிருக்கும். அதனாலேயே வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஃபன்ஸ்கூலுக்கு ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை உண்டு. ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் வழியாகப் போனால் ராணிப்பேட்டை. கூப்பிடு தூரம்தான்!

மூட்டுதான் உயிர்

பொம்மை எப்படி உண்டாகிறது? பிளாஸ்டிக் மணிகளை உருக்குகிறார்கள். இரும்பு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். ஆறியதும் அச்சைத் திறந்தால் கை வரும், கால் வரும், தலை வரும். பிறகு ஊசியாலும் திருகாணியாலும் இணைக்கிறார்கள்.

சாதாரணக் காருக்கு நான்கைந்து துண்டுகள் போதும். உருமாறும் பொம்மைக்குப் பல துண்டுகள் வேண்டும். ஒவ்வொரு மூட்டும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஓட்டை மயிரிழை சிறுத்தால் மூட்டு இறுகும், திருப்பும்போது முறியும். மயிரிழை பெருத்தால் கை தொங்கும்; பொம்மை நிற்காது.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். நாடா ஓடும் வழியில் சிறு பிசிறு இருந்தாலும் போதும். நூல் அறுந்துவிடும் அல்லவா? அறுந்த நூலுக்காக நாம் நூலை உதைப்பதில்லை. தறியைத்தான் பார்க்கிறோம்.

மலிவான போலிப் பொம்மைகள் ஏன் சீக்கிரம் உடைகின்றன? அசல் பொம்மையை வாங்கி, அதைப் பார்த்தே புதிய அச்சு எடுப்பவர்கள் உண்டு. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சற்றுச் சுருங்கும். அதைக் கணக்கில் கொள்ளாமல் எடுத்த அச்சில் அளவு தப்பிவிடும். திருகாணி வைக்க வேண்டிய இடத்தில் பசை ஒட்டுவார்கள். பசை ஒட்டிய பொம்மையைத் திறக்க முடியாது. திறக்க முடியாததைச் சரிசெய்ய முடியாது. ஒரு முறை உடைந்தால் குப்பைத் தொட்டிதான்!

தங்க நிறத்தின் மோசம்

பெரிய கம்பெனிப் பொம்மை என்றால் என்றைக்கும் உடையாதா? அதுவும் இல்லை.

ஆரம்ப காலத்துப் பொம்மைகளில் துத்தநாகக் கலவை உலோகத்தை வார்த்துப் போட்டார்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கும். போகப் போகச் செலவு கருதி உலோகம் குறைந்தது, பிளாஸ்டிக் கூடியது.

ஒரு காலத்தில் தங்கம்போல் மினுங்கும் பிளாஸ்டிக்கில் சில பொம்மைகள் வந்தன. பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஆண்டுகள் சென்றன. அந்தத் தங்கத் துண்டுகள் அப்பளம்போல் நொறுங்கத் தொடங்கின. பெட்டியைத் திறக்காமல் பூட்டி வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஆசையோடு எடுத்துத் திருப்பினார்கள். முதல் திருப்பிலேயே முறிந்தது! தொட்டு விளையாடியவன் உடைத்தான் என்று இங்கே யாரைச் சொல்வது?

வெள்ளைப் பொம்மை வெயில் பட்டால் மஞ்சளாகும். மெழுகு போன்ற மென்மையான ரப்பர்த் துண்டு, கெட்டியான பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் அதை அரித்துவிடும். உள்ளே மறந்து போன பேட்டரி கசிந்தால் கம்பியெல்லாம் பச்சை பூத்துவிடும். மினுக்குப் பார்த்து வாங்காதே என்று பெரியவர்கள் பாத்திரத்துக்குச் சொன்னது பொம்மைக்கும் பொருந்துகிறது.

பெரியவர்களுக்கு எதற்குப் பொம்மை?

"நாற்பது வயசுல பொம்மை சேக்கிறானாம்!" என்று சிலர் சிரிக்கிறார்கள். நான் சிரிக்க மாட்டேன்.

நம் வீட்டுக் கொலுவை நினைத்துப் பாருங்கள். பாட்டி வாங்கிய செட்டியார் பொம்மை. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த மரப்பாச்சி. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை. நவராத்திரி முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறோம். இது சேகரிப்பு அல்லாமல் வேறு என்ன? ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் செய்வதை நம் பாட்டிமார்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொலு பொம்மையை நாம் விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பதில்லை. ஒன்பது நாள் வெளியே எடுக்கிறோம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். சுண்டல் கொடுக்கிறோம். மூக்கு உடைந்தால் வண்ணம் பூசி மீண்டும் வைக்கிறோம். உருமாறும் பொம்மை சேர்ப்பவர்களும் அப்படிச் செய்யட்டும். விற்பதற்காக மட்டும் பூட்டி வைப்பது வட்டிக் கடை வேலை.

சேகரிப்பவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் உண்டு. அவர்கள் உடைந்ததை எறிவதில்லை. தளர்ந்த உருண்டை மூட்டுக்கு நிறமில்லாத நகப்பூச்சை ஒரு துளி தடவி, நன்றாகக் காய வைத்துப் பொருத்துகிறார்கள். தொங்கிய கை நிமிர்கிறது! இரண்டு உடைந்த பொம்மைகளிலிருந்து ஒரு நல்ல பொம்மையை எடுக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. கூர்மையான முனை இருக்கிறதா, குழந்தை விழுங்கும் அளவில் துண்டு கழன்று வருமா, பூச்சில் ஈயம் போன்ற நஞ்சு உண்டா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். நல்ல சட்டம். பாராட்டுகிறேன்.

ஆனால் முத்திரை பத்திரத்துக்குத்தான் சாட்சி. பொம்மை எத்தனை நாள் உழைக்கும் என்று அது சொல்லாது. திருவிழாக் கடைகளில் முத்திரையே இல்லாத பொம்மைகளும் கிடக்கின்றன. கடைக்காரரும் ஏழைதான். மூட்டையாக வாங்கி மூட்டையாக விற்கிறார். அவரை விரட்டுவதால் பயன் இல்லை. மொத்த வியாபாரியையும் செய்தவரையும் பிடிக்க வேண்டும்.

என் யோசனை இது. பொம்மைக்குப் பசை வேண்டாம், திருகாணி வையுங்கள். உடைந்த கைக்கு மாற்றுக் கை விற்கட்டும். சைக்கிளுக்குப் பெடல் கிடைக்கிறது. தையல் மெஷினுக்கு ஊசி கிடைக்கிறது. பொம்மைக்கு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது? இதையும் சட்டம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 2020-ல் வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது. 2023-ல் 70 ஆனது. வரி உயர்ந்தால் மட்டும் நம் பொம்மை நல்ல பொம்மை ஆகிவிடாது. நல்ல அச்சு வேண்டும். அச்சு செய்யத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். சென்னை கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கழகம் இந்த வேலையைக் கற்றுக் கொடுக்கிறது. தறி மெஷினைக் கழற்றி மாட்டும் வீட்டுப் பிள்ளைக்கு அச்சு வேலை கடினமா என்ன?

கடையில் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! அடுத்த திருவிழாவில் இதைச் செய்யுங்கள்.

முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். "அண்ணே, ஒரு தடவ மாத்திக் காட்டுங்க" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் கையிலேயே முறிந்தால் உங்கள் காசு மிச்சம்! பின்புறம் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மட்டப் பொம்மைகளின் விலையில் ஒரு நல்ல பொம்மை கிடைக்குமானால், காத்திருந்து அந்த ஒன்றையே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த மூட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சேர்ந்து பாருங்கள்.

அப்படியும் உடைந்தால்?

அன்று பஸ்சில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பையன் அழுது ஓய்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடைந்த கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, இந்த ஊசி சின்னதா இருக்குப்பா. ஓட்டை பெருசா இருக்கு. அதான் வந்துடுச்சு."

தகப்பனார் வாங்கிப் பார்த்தார். தறிக்காரர் அல்லவா? பார்த்ததும் தெரிந்துவிட்டது. "ஆமாண்டா" என்றார். அடித்த கை அவன் தலையைத் தடவியது. வீட்டுக்குப் போனதும் ஒரு கம்பித் துண்டை வைத்துச் சரிசெய்யலாம் என்று இருவரும் பேசிக்கொண்டே ஆர்.கே.பேட்டையில் இறங்கினார்கள்.

நூற்றைம்பது ரூபாய்ப் பொம்மை உடைந்துதான் போனது. ஆனால் அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்த பிள்ளை அந்த வீட்டில் இருக்கிறான். அவனை அடிக்காதீர்கள்!