வீட்டுத் தோட்டம்: வடக்கே வாழ்க்கைப்பட்ட நீலம்



நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டுக் கொல்லையில் மாமனார் வைத்த தசேரி மாமரம் ஒன்று நிற்கிறது. ஒரு வருஷம் கிளை தாங்காமல் காய்க்கிறது. மறு வருஷம் பத்துக் காய்கூடக் கிடைப்பதில்லை. மரத்தை வெட்டிவிட்டு அவ்விடத்தில் ஓர் அறை கட்டலாம் என்பது பிள்ளைகளின் யோசனை. பெரியவருக்கோ அதைக் காதில் கேட்கவும் பொறுக்கவில்லை. "மரத்துக்கு ஏதேனும் நோயா? வெட்டத்தான் வேண்டுமா?" என்று அம்மையார் கேட்கிறார்.

நோய் அன்று, வெட்டவும் வேண்டாம். ஓராண்டு விட்டு ஓராண்டு காய்ப்பது தசேரியின் பிறவிக் குணம். லக்னோவுக்கு அருகே அதே பெயர் கொண்ட சிற்றூரில் தோன்றிய இந்த ரகத்தைப் போலவே, வடநாட்டுப் புகழ்பெற்ற மாம்பழங்கள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு.

அதன் காரணம் இது: மாமரத்தில் பூ, நன்கு முற்றிய கிளையின் நுனியிலேதான் தோன்றும். மிகுதியாகக் காய்த்த ஆண்டில் மரம் தன் சேமிப்பையெல்லாம் காய்க்கே ஈந்துவிடுகிறது. ஆகவே பழம் பறித்தபின் புதுத் தளிர் விடுவதில் தாமதம் நேர்கிறது. தாமதமாக வந்த தளிர் மார்கழி, தை மாதங்களுக்குள் முற்றுவதில்லை. முற்றாத நுனியில் பூ வருவதில்லை. வந்தால் இலையே வரும். காய்க்காத ஆண்டில் மரம் சும்மா நிற்கிறது என்று எண்ணுவது தவறு. அடுத்த ஆண்டுக்கு வேண்டிய கிளைகளை அது அப்போதுதான் ஆயத்தம் செய்கிறது.

நம் நாட்டு நீலம் இதற்கு நேர்மாறானது. மற்ற மாம்பழங்கள் ஓயும் வேளையில் சேலத்துச் சந்தையிலும் கிருஷ்ணகிரிச் சந்தையிலும் வந்து குவியும் அந்தப் பழத்தை நம்மில் அறியாதார் யார்? காய்த்த மறு ஆண்டும் தவறாமல் காய்ப்பது அதன் சிறப்பு. தசேரியின் மணமும் நீலத்தின் ஒழுங்கும் ஒரே மரத்தில் அமையுமாயின் எவ்வளவு நன்று!

அவ்வாறு எண்ணி உழைத்தவர்கள் டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார். 1905-இல் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் தொடங்கிய அந்நிலையம், 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் கட்டடங்கள் சிதைந்தமையால், 1936-இல் டில்லிக்கு வந்தது. இன்றும் மக்கள் அதைப் பூசா என்றே அழைக்கின்றனர்.

மாவில் கலப்பினம் உண்டாக்குவது எளிதன்று. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றுள் ஆண் பூக்கள் பல. பிஞ்சு பிடித்தவற்றிலும் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். கையால் மகரந்தம் தடவி எத்தனையோ பூக்களைப் பேணினாலும் எஞ்சும் காய்கள் மிகச் சில. தசேரி தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை என்பதைக் கண்டறிந்தது பின்னர் பெரும் உதவியாயிற்று. தன் மகரந்தத்தை ஏற்காத ரகத்தையும் அதனோடு சேர்க்க வேண்டிய ரகத்தையும் ஒரே வலைக் கூண்டில் வைத்து, ஈக்களை உள்ளே விட்டுவிட்டால் போதும். நாம் அடித்து விரட்டும் ஈயே அங்கே மகரந்தம் சுமக்கும் வேலையைச் செய்தது! அப்படிக் கிடைத்த கொட்டையை நட்டு, அது மரமாகிப் பழம் தரும்வரை பல ஆண்டுகள் காத்திருந்துதான் நன்மை தீமையை அறிய முடியும்.

இத்தகைய பொறுமையின் பயனாக 1970-களில் இரண்டு ரகங்கள் வெளிவந்தன. நீலத்தைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் கொண்டது மல்லிகா, பெரிய பழம். தசேரியைத் தாயாகவும் நீலத்தைத் தந்தையாகவும் கொண்டது ஆம்ரபாலி. பின்னது டாக்டர் பீஜூஷ் காந்தி மஜும்தார் உருவாக்கியது. பழம் சிறிது, சதை ஆழ்ந்த செம்மஞ்சள், ஆண்டுதோறும் காய்க்கும். மரமோ குட்டை. வழக்கமான மாந்தோப்பில் 10 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 100 மரங்கள் வைப்பார்கள், ஆம்ரபாலியை 2.5 மீட்டர் இடைவெளியில் 1600 வைக்கலாம் என்று கண்டனர். ஆனால் அவ்வளவு நெருக்கமாக வைத்தால், சில ஆண்டுகளில் கிளைகள் ஒன்றோடொன்று மோதும். கவாத்துச் செய்யாவிடில் காய்ப்பு குறையும்.

நீலத்தின் உறவு டில்லியோடு நிற்கவில்லை. கொங்கணத்தின் ரத்னாவும் பெங்களூரின் அர்க்கா நீலகிரணும் அல்போன்சாவோடு நீலம் கலந்ததால் பிறந்தவையே. பிழைப்பைத் தேடி வெளியூர் வந்த நம் குடும்பங்களைப் போல, அதுவும் சென்ற இடமெல்லாம் தன் நற்குணத்தால் மதிப்புப் பெற்றது.

இனி அம்மையாரின் மரத்துக்கு வருவோம். மரத்தை வேரோடு போக்காமல், ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் குறைத்து வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை பூசுக. அங்கே எழும் புதுத் துளிர்கள் பென்சில் பருமன் ஆனதும், மழைக்காலத்தில் கைதேர்ந்த தோட்டக்காரரைக் கொண்டு ஆம்ரபாலி ஒட்டுக் கட்டச் செய்க. பெரியவர் வைத்த மரமும் நிற்கும். சில ஆண்டுகளில் தசேரி ஓயும் ஆண்டிலும் பழம் கிடைக்கும்.

புதிதாகக் கன்று வைப்போருக்குச் சில சொற்கள். தண்டின் அடிப்பகுதியில் ஒட்டின் தழும்பு தெரிகிறதா என்று பார்த்தே வாங்குக; கொட்டைக் கன்று தாயின் குணத்தை அப்படியே கொண்டு வராது. ஆடி, ஆவணியில் மழை பெய்தபின் நடுக. நல்ல ஒட்டுக் கன்று மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். அதற்குமுன் தோன்றும் பூவைக் கிள்ளிவிடுக. வடநாட்டுக் குளிரில் இளங்கன்று கருகும். முதற் சில பனிக்காலங்களில் வைக்கோலால் கூரையிட்டுக் காப்பது அவசியம். ரயில்வே குடியிருப்பில் வாழும் என்னைப் போன்றோர், மாற்றல் உத்தரவு வருமுன் பழத்தைக் கண்டுவிட வேண்டும் என்று விரும்புவது இயல்பே. காணாவிட்டாலும் பாதகமில்லை, அடுத்து அவ்வீட்டுக்கு வருபவரின் குழந்தைகள் உண்பார்கள்.

அடுத்த இதழில், குளிர்காலத்தில் தொட்டிக் கறிவேப்பிலையைக் காப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.