அம்மாவின் தொழில் என்ன?

நம் கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதினேன். ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் சிறிதும் தயங்காமல் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த நான் இங்கு எழுதிய முதல் தாளிலேயே ஒரு பொய் இருந்தது என்பது ஓராண்டு கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. கிணறு இல்லை, வாய்க்கால் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றே துணை. 2015–16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சாகுபடி செய்யும் ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆகவே நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை மட்டுமன்று. இங்கே படிக்கும் நம்மில் பலருடைய வீட்டுக் கதையுமாகும்.

கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் களிமண் அது என்று வேதியியல் வகுப்பில் படித்தேன். ‘முதல் மழையை வெடிப்புதான் குடிக்கும், ரெண்டாவது மழைதான் நமக்கு’ என்று அம்மா அதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார். சித்திரை மழையில் கோடை உழவு முடிந்ததும் கட்டை பொறுக்குவது அம்மா. ஆடியில் ஆட்டு எருவைச் சுமந்து கொட்டுவது அம்மா. சாம்பல் கலந்து பானையில் காத்த உளுந்து விதையை ஆவணியில் எடுத்துப் புடைப்பது அம்மா. புரட்டாசியில் விதைப்பு; ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு; மார்கழி, தையில் அறுவடை. எந்த மாதத்தில் அவருக்கு ஓய்வு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எங்கள் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் காட்டில் அறுப்புக்கு நின்ற உளுந்து, செடியில் இருந்தபடியே முளைவிட்டது. அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முழங்கால் நீரில் இறங்கி, மாட்டுக்காவது ஆகட்டும் என்று கொடியைப் பிடுங்கினார்.

அதன் பிறகுதான், கல்லூரிக்கு வந்த ஆண்டில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கள் காட்டின் வரவு செலவை எழுதத் தொடங்கினேன். ஆண்டு முடிவில் வரவு 48,000 ரூபாய். உழவு, விதை, உரம், மருந்து, ஆள்கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 29,000. மிச்சம் 19,000 என்று அப்பா மகிழ்ந்தார். நான் விடவில்லை. அம்மா உழைத்த நாள் 84, அப்பா உழைத்த நாள் 70. எங்கள் ஊரில் பெண்ணுக்கு 300, ஆணுக்கு 500 என்பது கூலி. (இந்த வேறுபாடே தனிக் கட்டுரைக்கு உரியது!) கூட்டினால் 60,200 ரூபாய். மிச்சம் போய் 41,200 ரூபாய் நட்டம் நின்றது.

‘வீட்டாளுக்கு யாருய்யா கூலி எழுதுவா? இப்படிக் கணக்குப் போட்டா காட்ட வித்துட்டுப் போக வேண்டியதுதான்’ என்றார் அப்பா. அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் ‘84 நாளா?’ என்று இரண்டு முறை கேட்டார்.

வீட்டாளுக்கு யார் கூலி எழுதுவார்? அரசே எழுதுகிறது! குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம், குடும்பத்தாரின் ஊதியமில்லா உழைப்புக்கும் மதிப்புப் போட்டு ஒரு செலவுக் கணக்கு வைத்திருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை செயல்பட்ட தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு கூட்டி ஆதரவு விலை தரவேண்டும் என்றது. செலவு எது என்பதில்தானே வழக்கு? நம் வீட்டுக் கணக்கிலேயே அம்மாவின் உழைப்பு இல்லையென்றால், சந்தையில் அதை யாரிடம் கேட்பது?

‘பாசத்துக்கும் விலையா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். நான் விலை கேட்பது பாசத்துக்கு அன்று, உளுந்துக்கு. எழுதப்படாத உழைப்பை வாங்குபவன் இலவசமாகப் பெறுகிறான். நட்டம் தெரிந்தால் நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பதும் என் கருத்தன்று. 2020இல் ஊரடங்கின்போது எங்கள் அடுப்பை எரியவைத்தது அந்தக் காட்டின் கம்பும் உளுந்தும்தான். காய்ச்சலை மறைப்பதால் நோய் தீராது. அளந்து சொன்னால்தான் மருந்து கேட்க முடியும்.

அதே 2015–16 கணக்கெடுப்பில், இந்தியாவில் நிலத்தை நடத்துபவராகப் பதிவான பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பேர்தாம். களையெடுக்கும் காட்டில் நாம் காணும் கூட்டம் என்ன, ஏட்டில் காணும் எண்ணிக்கை என்ன! பயிர்க்கடனுக்கும் நிவாரணத்துக்கும் முதலில் கேட்கப்படுவது நில ஆவணம். அதில் அம்மாவின் பெயரும் ஏறவேண்டும் என்று வீட்டில் பேசத் தொடங்கியிருக்கிறேன். அப்பா இன்னும் இசையவில்லை; மறுக்கவும் இல்லை.

முதல் தலைமுறையாகப் படிக்கும் நண்பர்களே! நம் வீட்டில் பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் நாம்தாம். இந்த விடுமுறையில் ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் அம்மா காட்டில் நின்ற நாட்களை எழுதுங்கள். அடுத்த படிவம் என் கைக்கு வரும்போது, ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் நான் எழுதப்போவது ஒரே சொல்தான்: விவசாயி.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)