எவ்வெண்ணெய் ஏற்றது?

காரைக்குடியினின்று சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குன்றக்குடிக்கு மோட்டார் சைக்கிளிற் சென்றுவரும் மாணாக்கர், கனிம எண்ணெய் நன்றோ, விலையுயர்ந்த செயற்கை எண்ணெய் நன்றோ என வாதிடக் கேட்கின்றோம். செயற்கை எண்ணெய் கடுவெப்பந் தாங்கி நெடிதுழைக்கும், மறுப்பாரில்லை. ஆயினும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச்சு மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்குவன. வழவழப்பு மிகுத்த கார் எண்ணெயை இடின் கிளச்சு வழுக்கும். ஆதலின் டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் குறியுண்டோ எனக் காண்பதே முதற்கடன். வண்டியோடு வந்த கையேடு இசையுமாயின், இச்சிறு ஓட்டத்துக்குக் கனிம எண்ணெயே போதும். தந்தையார் பொருளில் உயர்ந்த எண்ணெய் வாங்கியிட்டுப் பின் மறந்திருப்பானினும், எளிய எண்ணெயைக் காலந்தவறாது மாற்றுவானே எஞ்சினைக் காப்பவன் என்பது நம் துணிபு.