பேனா யார் கையில்?

ஓட்டுப் பெட்டியைத் திருடினால் திருட்டு என்கிறோம். ஓட்டுப் போடுமுன்பே தொகுதியைத் திருடினால் அதற்கு என்ன பெயர்?

அமெரிக்காவின் பென்ஸில்வேனியா ராஜ்யத்தைப் பாருங்கள். 2012-ல் பிரதிநிதி சபைத் தேர்தலில் அங்கே டெமாக்ரடிக் கட்சிக்கே அதிக ஓட்டு. ஆனால் 18 இடங்களில் அது பெற்றது 5. ரிபப்ளிகன் கட்சி பெற்றது 13! 2014-லும் 2016-லும் அதே கணக்குத்தான். 2018-ல் ராஜ்ய சுப்ரீம் கோர்ட் அந்த வரைபடத்தை ரத்துச் செய்த பிறகே நிலைமை மாறியது. அவ்வாண்டுத் தேர்தலில் இரு கட்சிகளுக்கும் சரிபாதியாக 9 இடங்கள் கிடைத்தன.

இதில் மாயமில்லை. எதிர்க்கட்சியின் ஓட்டர்களைச் சில தொகுதிகளில் மூட்டையாகக் கட்டிப் போடுவது. மிச்சம் உள்ளவர்களைப் பல தொகுதிகளில் சிதறடிப்பது. பேனா பிடிப்பவர்கள் சட்டசபையில் பெரும்பான்மை உள்ளவர்கள். மக்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது போய், பிரதிநிதி மக்களைத் தேர்ந்தெடுக்கிறார்!

ஒரு கட்சி மட்டுமே குற்றவாளி என்று எண்ண வேண்டாம். மேரிலாந்தில் 2011-ல் டெமாக்ரடிக் கட்சி வரைந்த கோடுகள், 8 இடங்களில் 7-ஐ அதற்கே தந்தன. இரு கட்சிகளின் மோசடியும் 2019-ல் ஒரே வழக்கில் மத்திய சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. கட்சி ஆதாயத்துக்காகக் கோடு கிழிப்பதைத் தடுப்பது மத்திய நீதிமன்றங்களின் வேலையல்ல என்று 5 நீதிபதிகள் கூறினர். 4 பேர் மறுத்தனர்.

விளைவு என்ன? 2025-ல் டெக்ஸாஸில், ஜனத்தொகைக் கணக்குக்குக்கூடக் காத்திராமல், மேலும் 5 இடங்களைக் குறிவைத்து ரிபப்ளிகன் கட்சி கோடுகளை மாற்றியது. பதிலடியாகக் கலிபோர்னியா, 2010-ல் மக்கள் ஓட்டால் பொறுப்பேற்ற சுதந்திரக் கமிஷனின் வரைபடத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தது. அதற்கும் மக்களே ஓட்டளித்தனர்!

"நாம் மட்டும் யோக்கியமாக இருந்தால் தோற்போம்" என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை உண்டு. ஆகவேதான் ராஜ்யத்துக்கு ராஜ்யம் ஒட்டுப் போடுவதால் பயனில்லை. எல்லா ராஜ்யங்களிலும் ஒரே சமயத்தில் சுதந்திரக் கமிஷன்களிடம் பேனாவை ஒப்படைக்கும் மத்தியச் சட்டம் வேண்டும். அதற்கான அதிகாரத்தை அரசியல் சட்டமே காங்கிரஸுக்கு அளித்திருக்கிறது. 2021-ல் பிரதிநிதி சபை அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட் சபையில் அது முடங்கியது.

கோட்டால் பிழைப்பவர்கள் தாமாகக் கோட்டை அழிக்க மாட்டார்கள். அவர்கள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க வேண்டியவர்கள் அமெரிக்க மக்களே!