குட்டி போடப்போகும் பூனை

'ஏண்டா குட்டி போட்ட பூனை மாதிரி குறுக்கும் நெடுக்கும் அலையறே?' என்று வீட்டில் திட்டு வாங்காதவர்கள் கையைத் தூக்கலாம். பழமொழி சொன்ன பெரியவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு சின்னத் திருத்தம். பெரும்பாலும் அலைவது குட்டி போடப்போகும் பூனைதான். போட்டு முடித்த பூனை, தலைப் பிரசவத்துக்கு அம்மா வீடு வந்த பெண் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு சொகுசாகப் படுத்திருக்கும்.

இதென்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? அர்த்த ராத்திரியில் பூனைக்கு வலி எடுத்தால் டாக்டரிடம் ஓடுவதா, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதா என்கிற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம்மூரில் இரண்டு கட்சி. 'பூனைக்கெல்லாம் யார் ஸார் பிரசவம் பார்த்தா? பரண் மேல போட்டுட்டு, கண்ணு திறந்ததும் வாயில கவ்விக்கிட்டு வரும்' என்பது பழைய கட்சி. பூனை கொட்டாவி விட்டாலே கூடையில் போட்டு ஆட்டோ பிடிப்பது புதிய கட்சி. பெரும்பாலான பூனைகள் யார் தயவுமில்லாமல் பெற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பரணிலிருந்து இறங்கி வராத பூனைகளை யாரும் கணக்கெடுத்ததில்லை. இப்போது ஃப்ளாட்டுக்கு ஃப்ளாட் வளர்க்கிற பெர்ஷியன் பூனைக்குத் தட்டை மூஞ்சி, பெரிய தலை. குட்டிக்கும் அதே தலைதானே! வழியில் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். எப்போதோ மாடியிலிருந்து விழுந்தோ, வண்டியில் அடிபட்டோ இடுப்பெலும்பு முறிந்து கூடிய பூனைக்கும் இதே கதிதான்.

முதலில் நாள் கணக்கு. பூனைக்கு 63-லிருந்து 65 நாள். இரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம். 68 தாண்டியும் அசைவே இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லிவிடுவார். இந்த எண்ணிக்கையைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்வது பிற்பாடு பெரிய உதவி.

நேரம் நெருங்கினால் பூனை இடம் தேடும். நீங்கள் பழைய புடவை விரித்து ஆசையாகத் தயார் பண்ணிய அட்டைப்பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, பீரோவில் பட்டுப் புடவை அடுக்கின மேல்தட்டுக்குப் போகும். சாப்பிடாது, கத்தும், நக்கிக்கொள்ளும். சாதாரணமாக 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே இருக்கிற உடம்புச் சூடு அதற்குக் கீழே இறங்கினால், அநேகமாக 24 மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிடும். இந்த அலைச்சல் கட்டம் அரை நாள், ஒரு நாள் நீளும். தலைப் பிரசவமென்றால் 36 மணி நேரம்கூட ஆகலாம். பயப்பட வேண்டாம்.

அடுத்துதான் முக்கல். வயிறு இறுகி, அலை அலையாக அழுத்தம் வரும். சரியாகப் போனால், பலமாக முக்கத் தொடங்கி அரை மணிக்குள் ஒரு குட்டி வெளியே வந்துவிடும். பின்னங்கால் முதலில் வந்தால் அலறாதீர்கள். நூற்றில் நாற்பது குட்டிபோல அப்படித்தான் வருகிறது. வால் மட்டும் தெரிந்து கால் மடங்கி நின்றால்தான் தகராறு.

டாக்டர் வீட்டுப் போன் ராத்திரி பதினொரு மணிக்கு அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டர், மூணு போட்டுது. அப்புறம் நிறுத்திடுத்து. எக்ஸ்ரேல நாலுன்னு சொன்னேளே! ரெண்டு மணி நேரமாச்சு!"

"முக்கறதாம்மா?"

"இல்லையே. குட்டிகளுக்குப் பால் குடுத்துண்டு படுத்திண்டிருக்கு."

"ஏதாவது சாப்பிட்டுதா?"

"கிண்ணத்தைக் காலி பண்ணிடுத்து."

"அப்ப நீங்களும் சாப்பிட்டுட்டுப் படுங்கோ. காலைல பேசலாம்."

டாக்டர் தூக்கக் கலக்கத்தில் தட்டிக்கழிக்கிறார் என்று சபிக்காதீர்கள். இது பூனை ஜாதிக்கே உள்ள தனிச் சலுகை. பாதிப் பிரசவத்தில் 'இடைவேளை' போர்டு மாட்டிவிட்டு, ஒரு நாள், ஒன்றரை நாள் ஓய்வெடுத்து, மிச்சக் குட்டிகளைப் பிறகு சாவகாசமாகப் போடும். அந்தக் குட்டிகளும் நன்றாகவே இருக்கும்.

இப்போது அதே போன், அதே ராத்திரி:

"டாக்டர், இன்னும் ஒண்ணுகூட வரல்லே. முக்கி முக்கிப் பார்க்கறது. முக்கால் மணியாச்சு. பாவம், பொறுத்துப் பார்க்கலாமா?"

"பொறுக்கவே கூடாது. உடனே கிளம்புங்கோ!"

முதல் பூனைக்கு இரண்டு மணி நேரம், ஆனால் ஆபத்தில்லை. இரண்டாவதற்கு முக்கால் மணிதான், ஆனால் ஆபத்து. ஆக, கடிகாரத்தை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை. பூனையைப் பார்க்க வேண்டும். முக்குகிறதா, ஓய்வெடுக்கிறதா? இந்த ஒரு கேள்விதான்.

கிளம்ப வேண்டிய மற்ற சமயங்களைக் கத்தரித்துப் பீரோ கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

பலமாக முக்கி 20, 30 நிமிஷமாகியும் குட்டி வரவில்லை. குட்டியின் ஒரு பாகம் வெளியே தெரிந்து 10 நிமிஷமாகியும் நகரவில்லை. குட்டி வராமல் பச்சையாகவோ கறுப்பாகவோ நாற்றத்தோடு கசிகிறது. சிவப்பாக ரத்தம் நிற்காமல் வழிகிறது. பூனை துவண்டு போய், கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. இடைவேளை விட்ட பூனை நிம்மதியில்லாமல் தவிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போனால், சிசேரியன் தேவையென்றால் தயாராக இருப்பார்கள். ராத்திரியில் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எது என்பதை அறுபதாவது நாளே விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. குட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள். மனிதருக்குப் போடுகிற வலி ஊசியைத் தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்ளாதீர்கள். வழி அடைத்திருக்கும்போது போட்டால் கர்ப்பப்பையே கிழியலாம். 'பாவம், வலிக்குதே' என்று பாராசிட்டமால் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம். பூனைக்கு அது விஷம்.

செய்யக்கூடியது ஒன்றுதான். பிறந்த குட்டியின் மேல் மூடியிருக்கிற சவ்வைத் தாய் ஒரு நிமிஷத்துக்குள் கிழிக்கவில்லையென்றால், நீங்கள் கிழித்து, மூக்கு வாயைத் துடைத்து, சுத்தமான துண்டால் தேய்த்துவிடுங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வரவேண்டும். எண்ணிக்கொள்ளுங்கள். தாய் தின்றுவிட்டால் அதையும் கணக்கில் சேருங்கள். குறைந்தால் மறுநாள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முடிந்த பிறகும் இரண்டு வாரம் ஒரு கண் இருக்கட்டும். காய்ச்சல், கெட்ட நாற்றம், பால் கொடுக்க மறுப்பது இருந்தால் காட்ட வேண்டும். கை கால் வெட்டி நடுங்கினால் கால்ஷியம் இறங்கியிருக்கும், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது. வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றினால் மட்டும் கவலை வேண்டாம். ஏழு வீடு மாற்றும் என்பார்கள். உங்கள் வீட்டில் மாற்றினால் சமையலறை, பூஜையறை, மறுபடி பீரோ!

ஆக, பழமொழியை இப்படித் திருத்தி வைத்துக்கொள்ளலாம். குட்டி போட்ட பூனை தூங்கினால் நீங்களும் தூங்குங்கள். குட்டி போட்ட பிறகும் பூனை அலைந்து தவித்தால், அன்றைக்கு அலைய வேண்டியவர் நீங்கள்.